அப்பாவின் குரலில் பேசியவர்

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு முப்பத்தைந்து. டி.வி.யில் நான் முதலில் பார்த்தது சட்டையை. பழுப்புக் கட்டம், அரைக்கை, கழுத்துப் பொத்தான் வரை மூடியது. அதற்கு மேலே இருந்தது என் கணவரின் முகம் என்பதை அடுத்தபடியாகத்தான் கவனித்தேன். சட்டை என் மாமனாருடையது. அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான்தான் அதைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். பிறகு அது கண்ணில் படவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது திருச்சி விமான நிலையத்துக்குப் பின்பக்கம் உள்ள இலங்கை அகதிகள் முகாமில், மாமனாரின் வீட்டில். ஒரே அறை. கட்டிலில் மாமனார், தரையில் நான், வாசல் நிறைய அக்கம்பக்கத்தார். என் கணவர் சென்னையில் ஒரு தொலைக்காட்சியின் நகைச்சுவைப் போட்டியில் அரையிறுதி வரை போயிருந்தார். அந்த முகாமில் வளர்ந்த ஒருவர் டி.வி.யில் வருவது அதுதான் முதல் தடவை.

மேடையில் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முன்கையில் போட்டுக்கொண்டார். முதுகை லேசாக வளைத்தார். ஏ.டி.எம். எந்திரம் பேசியது: "உங்கள் அட்டையைச் செருகவும்." அவர் எந்திரத்தைப் பார்த்து, "ஓம் ஐயா" என்றார். டாக்டர் மூச்சை இழுத்து விடச் சொன்னார். "ஓம் ஐயா." ஜங்ஷனில் ஒலிபெருக்கி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கியது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, மேலே தெரியாத யாருக்கோ, "ஓம் ஐயா" என்றார். இலங்கைத் தமிழில் ஓம் என்றால் ஆமாம். எல்லாக் குரல்களும் அவருடையவையே. எந்திரம், டாக்டர், ஒலிபெருக்கி, அப்பா. நடுவர்களில் ஒருவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

வாசலில் ஒரே கூச்சல். "ஐயோ, அச்சொட்டா மாமா! மாமா, உங்களையெல்லோ செய்யிறான்!"

மாமனாரும் சிரித்தார். இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், நான் டி.வி.யை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கலைந்த பிறகு சட்டையைப் பற்றிக் கேட்டார்.

"பிள்ளை, அந்தச் சேட்டை எப்ப எடுத்தவன்?"

"தெரியலை மாமா."

"கேட்டிருந்தா நல்லதாக் குடுத்திருப்பன். அது கொலர் கிழிஞ்சது."

அன்று அவ்வளவுதான் பேசினார்.

அந்த 'ஓம் ஐயா'வுக்கு ஒரு காரணம் உண்டு. முகாமில் தலைக்கணக்கு எடுக்க அலுவலர் வரும் நாளில் குடும்பத் தலைவர் அட்டையோடு தன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பெயர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அந்தக் குடும்பம் பதிவிலிருந்து போய்விடும். மாமனார் மன்னாரிலிருந்து படகில் வந்த முதல் வருடம், பிரசவத்துக்கு மாமியாரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்த நேரத்தில் கணக்கு எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் பதிவில் இல்லை. மறுபடி பெயர் ஏறும்வரை அவர்கள் எங்கேயும் இல்லாதவர்களாக இருந்தார்கள். அந்தப் பிரசவத்தில் பிறந்தவர்தான் என் கணவர். அதிலிருந்து மாமனார் பெயரை வாசித்து முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவார். மரியாதைக்காகத் துண்டு தோளிலிருந்து முன்கைக்கு வரும். சீருடையோ மைக்கோ அதட்டலோ எதுவாக இருந்தாலும் இது நடக்கும்.

என் கணவருக்கு இந்தக் கதை தெரியும். நிகழ்ச்சியில் அது இல்லை. "காரணம் சொன்னா சிரிக்க மாட்டாங்க" என்றார்.

நான் ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் நிருபராக இருந்தவள். பிறகு செய்தி திருத்தும் மேஜைக்கு மாறினேன். என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். ரயில்வே குடியிருப்பில் ஒரு பொங்கல் விழாவில்தான் கணவரை முதலில் பார்த்தேன். ஆர்க்கெஸ்ட்ராவில் பாடகர் தண்ணீர் குடிக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு பல்குரல் ஆளை வைத்திருப்பார்கள். அவர்தான் அது. பணிமனைச் சங்கு, சரக்கு ரயில், மேஸ்திரியின் இருமல் என்று வரிசையாகச் செய்தார். இருமலுக்கு என் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். அது அவர்களுடைய மேஸ்திரியேதான். முந்தின நாளே இவர் பணிமனை வாசலில் நின்று கேட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் பேட்டிக்குப் போனேன்.

"சொந்த ஊர் எதுங்க?"

"திருச்சிதாங்க."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால நான் பொறக்கலைங்க."

அதையே தலைப்பாக வைத்தோம். இந்தப் பதிலை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகியிருந்தார் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. காவல் நிலையத்தில் மட்டும் சொன்னதில்லை.

அவர் இங்கேயே பிறந்தவர். ஆனால் பெற்றோர் இருவரும் அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் இந்தியக் குடியுரிமை இல்லை. கையில் இருப்பது அகதி அட்டை. ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் டீச்சர் ஏதோ கேட்டதற்கு "ஓம்" என்றிருக்கிறார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கொஞ்ச நாளிலேயே "ஆமாங்க டீச்சர்" என்று திருச்சிப் பையனாக மாறிவிட்டார். அந்தச் சிரிப்பைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அதே சிரிப்புதான் இப்பவும். ஆனா இப்ப எப்ப வரணும்னு நான் முடிவு பண்றேன்."

வீட்டிலும் நாளடைவில் திருச்சிப் பேச்சுதான். மாமியார் இறந்த பிறகும் மாமனாரிடம் அப்படித்தான். "அப்பா, சாப்பிட்டீங்களா? மருந்து போட்டீங்களா?" மாமனார் பதிலுக்கு மன்னார்த் தமிழில் பேசுவார். இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று பேசுவதுபோல இருக்கும். ஆனால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போட்டியில் அவர் இறுதிச் சுற்றில் தோற்றார். அது பிரச்சினையே ஆகவில்லை. சட்டையும் துண்டும் ஊர் ஊராகப் போயின. மணப்பாறையில் கல்யாண வரவேற்பு, துவரங்குறிச்சியில் கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழாக்கள். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், என்னைப் படியில் நிறுத்தினார். "உங்காத்துக்காரர் பண்றதைப் பார்த்து நானும் மாமியும் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல ஜலம். பெருமாள் அனுக்கிரகம், நன்னா வருவார்." நல்ல மனிதர். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

அடுத்த தலைக்கணக்கு நாளன்று நான் முகாமில் இருந்தேன். மாமனார் வாசலில் அட்டையோடு நின்றார். அலுவலர் இளைஞர், சிரித்த முகம். பெயரை வாசிக்க வாயைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அட, டி.வி.யில வர்ற அப்பா நீங்கதானா? எங்க, ஒரு தடவை சொல்லுங்க கேப்போம்."

பின்னால் நின்ற உதவியாளர் போனை எடுத்தார். அடுத்தடுத்த வாசல்களில் நின்றவர்களும் சிரித்தார்கள். மாமனாரின் கை துண்டை நோக்கிப் போய், பாதியில் நின்றது. சொல்லாவிட்டால் பெயர் நீங்குமா நீங்காதா என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னார்.

"அப்படியே இருக்கு சார்" என்றார் உதவியாளர்.

யாரும் அவரை அவமதிக்க நினைக்கவில்லை. செய்தியாக எழுதினால் இதில் எழுத எதுவும் இல்லை.

அந்த மாதமே மாமனாருக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. அனுமதி வாங்கி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வந்தோம். மேலச் சித்திரை வீதி மாடியில் சாய்வு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். எனக்கு மாலைப் பணி என்பதால் பகல் முழுக்க நாங்கள் இருவர்தான். அவர் பேசக்கூடியவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயின்டராக இருந்த காலத்தில் திருச்சியில் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடித்தார், எந்த வீட்டம்மா தேத்தண்ணி கொடுத்தார், எந்த வீட்டில் கொடுக்கவில்லை, மன்னாரில் தங்கச்சி வீட்டுக் கிணறு இன்னும் உப்புத்தானா, எல்லாம் வரும். கீழே பைக் சத்தம் கேட்டதும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார்.

கணவர் படியேறி வந்து, "என்னப்பா, கண்ணு எப்படி இருக்கு?" என்பார். மாமனார் தலையை ஆட்டுவார். "சாப்பிட்டீங்களா?" தலையசைப்பு. "வலி ஏதும் இருக்கா?" கையை ஆட்டி இல்லை என்பார். முதலில் கணவர் கண் மருந்தின் சோர்வு என்று நினைத்தார். பிறகு ஒரு நாள் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் படியேறி வந்தார். மாமனார் எனக்கு இறால் குழம்பு வைக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவில் நிழலைப் பார்த்ததும் நிறுத்தினார். கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.

அன்றிலிருந்து தினமும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்.

"அப்பா இன்னைக்கு என்ன பேசினாரு?"

"கண்ணுல உறுத்தல் குறைஞ்சிருக்காம். ராத்திரிக்குக் கஞ்சி போதுமாம். மன்னார்லேர்ந்து அத்தை போன் பண்ணினாங்களாம்."

"இப்படியா சொன்னாரு?"

"விஷயம் இதுதாங்க."

"விஷயத்தை யாரு கேட்டா? எப்படிச் சொன்னாரு? கஞ்சின்னு எப்படிக் கேட்டாரு?"

"எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. நீங்கதான் பல்குரல்."

"உனக்கு எல்லாமே நாலு வரிச் செய்திதான்" என்றார். பிறகு, "போன்ல ரெக்கார்ட் பண்ணி வையேன். மேடைக்கு இல்ல. சத்தியமா மேடைக்கு இல்ல. நான் கேக்கணும்."

நான் பதிவு செய்யவில்லை. மறைத்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கேட்டுச் செய்தால் மாமனார் என்னிடமும் பேச்சை நிறுத்திவிடுவார்.

பதிலாக, மாமனாரிடமே கேட்டேன். ஏன் அவரிடம் பேசுவதில்லை என்று.

"நான் என்ன சொல்லுறன் எண்டு அவன் கேக்கிறேல்ல பிள்ளை. எப்பிடிச் சொல்லுறன் எண்டு பாக்கிறான். கண்ணைப் பாத்தா விளங்கும். என்ர வாயையே பாத்துக்கொண்டிருப்பான்."

"அது அவர் தொழில் மாமா. யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பார்."

"ஓம், தொழில். சின்னனில இருந்து என்னோட ஒரு நாளும் எங்கட தமிழில கதைக்கேல்ல. வெக்கப்பட்டவன். சரி, படிக்கிற பிள்ளை, விடுவம் எண்டு விட்டன். இப்ப மைக்கைக் குடுத்தா மட்டும் வருது."

இதை நான் கணவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எப்படிச் சொன்னார் என்று கேட்டிருப்பார்.

அதே சமயம் பாரீஸிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அங்குள்ள ஈழத்தமிழர்கள் நடத்தும் கலைவிழா. பயணம், தங்கல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணவர் பாஸ்போர்ட் இல்லாத கதையைச் சொன்னார். அகதி அட்டைக்கு விசா கிடைக்காது. எப்படியோ வெளியேறினாலும் திரும்பி உள்ளே வர முடியாது. அமைப்பாளர் வருத்தப்பட்டு, ஆறுதலாக ஒரு வீடியோ இணைப்பை அனுப்பினார். "உங்கள மாதிரியே இங்க ஒருத்தர் இருக்கிறார், பாருங்கோ" என்று எழுதியிருந்தார்.

அந்த மனிதர் பிரெஞ்சுக்காரர். பாரீஸுக்கு வெளியே தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து போனவர்கள். அவர் புகழ்பெற்றதே அப்பாவின் உடைந்த பிரெஞ்சைப் பேசிக் காட்டித்தான். தபால் நிலையத்தில் அப்பா, பள்ளிக்கூடத்தில் அப்பா, பனியில் அப்பா. என் கணவர் கிடைத்த வீடியோக்களை எல்லாம் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளோடு தேடித் தேடிப் பார்த்தார். அந்த மனிதர் கல்யாண வீடுகளில் தொடங்கியது, வானொலிக்குப் போனது, பிறகு பெரிய அரங்குகள், எல்லாவற்றையும் பாடப்புத்தகம்போலப் படித்தார். "இங்க பாரு, இவர்கிட்டயும் அதையேதான் கேக்கறாங்க. நீங்க எந்த ஊருன்னு." ஒரே தொழிலைச் செய்யும் அண்ணனைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அவர் முகம்.

அதில் ஒரு நிகழ்ச்சியின் கடைசிச் சில நிமிடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார். அல்ஜீரிய அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கோட்டு, மீசை. மகன் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். விளக்கு அவர்மேல் விழுகிறது. கிழவர் எழுந்து அமைச்சர் மாதிரி இரண்டு பக்கமும் கையசைக்கிறார். பிறகு மகனை நோக்கி விரலை நீட்டிச் சத்தமாக ஏதோ சொல்கிறார். திரையில் எழுத்து வருகிறது: நான் ஒன்றும் அப்படிப் பேசுவதில்லை, பொய்யன். அரங்கம் அதிர்கிறது. மகன் இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொள்கிறார்.

"பாத்தியா?" என்றார் கணவர். "டி.வி.யில பாத்தாத்தான் கஷ்டம். எங்கயோ ஊர் சிரிக்குது, அப்பா அந்த ஒரு ரூம்ல உக்காந்து பாக்கறாரு. கூட்டத்தோட உக்காந்து, அவங்க எவ்வளவு ஆசையாச் சிரிக்கறாங்கன்னு நேர்ல பாத்தா அவருக்கே புரியும்."

எனக்கு அந்த வீடியோவில் வேறொன்று பட்டது. அந்த அப்பா மகனைத் திட்டினார். மேடையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக் கத்தலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திருச்சி மன்னார்புரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் தனி நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. அவர் பெயரை மட்டும் போட்டுத் திருச்சியில் நடக்கும் முதல் முழு நிகழ்ச்சி. கணவர் மாமனாரின் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டார். "அப்பா, நீங்க வரணும். முன்னாடி உக்காரணும். எனக்காக." மாமனார் சரி என்று தலையை ஆட்டினார். அன்று மாலையே சட்டையை எடுத்துத் தேய்க்கக் கொடுத்தார். நல்ல சட்டை, வெள்ளை.

மண்டபம் நிறைந்திருந்தது. நானும் மாமனாரும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். கணவர் முதலில் திருச்சியைப் பற்றி நிறையச் செய்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர் கூவுவது, மலைக்கோட்டையில் மூச்சு வாங்குபவர்கள் செல்ஃபி எடுப்பது, பச்சைமலைக்குப் போகும் ஒரே பஸ்ஸைப் பற்றி ஒரு நீளமான கதை. எல்லாம் நன்றாக இருந்தது. நடுவில் நடுவில் பின்னாலிருந்து, "அப்பா! அப்பா வரட்டும்!" என்று கத்தினார்கள். கடைசியில் துண்டை எடுத்தார். ஏ.டி.எம்., டாக்டர், ஜங்ஷன். மாமனார் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துச் சிரித்து அவர் முழங்காலைத் தட்டினார், யாரென்று தெரியாமல்.

பிறகு கணவர் துண்டை மடித்துக் கீழே வைத்தார். குரலை மாற்றி, தன் சொந்தக் குரலில், மைக்கில், தன் அப்பாவின் பெயரை முன்னெழுத்தோடு முழுதாகச் சொன்னார். கௌரவமாகச் சொல்ல வேண்டும் என்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. விளக்கு முதல் வரிசைக்கு வந்தது.

இத்தனை வருடங்களில் யாரும் மாமனாரின் பெயரை முன்னெழுத்தோடு உரக்கச் சொன்னதில்லை, ஓர் இடத்தைத் தவிர.

அவர் எழுந்தார். கண்ணில் விளக்கு அடித்ததால் எதிரே இருந்தது யாரென்று தெரிந்திருக்காது. துண்டு தோளிலிருந்து முன்கைக்கு வந்தது. முதுகு வளைந்தது. வாய் அசைந்ததை மண்டபமே பார்த்தது. சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அவ்வளவு பெரிய சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அப்பாவும் மகனும் பேசிவைத்துக்கொண்டு செய்ததாக நினைத்தார்கள். நாற்காலிமேல் ஏறி நின்று கை தட்டினார்கள். மேடையில் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதலில் பழகுவது. உடம்பு அதைத் தானாகச் செய்யும். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. அதுவரை மாமனார் நின்றுகொண்டே இருந்தார், உட்காரலாம் என்று யாராவது சொல்வதற்காக.

நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கண் சரியாகி முகாமுக்குத் திரும்பியதும் மாமனார் இலங்கைக்குத் திரும்பிப் போக எழுதிக் கொடுத்தார். போக விரும்புகிறவர்களை அனுப்பி வைக்கும் ஏற்பாடு உண்டு. போனால் முகாமில் பெயர் நீங்கிவிடும். மறுபடி வர முடியாது. கணவரால் அங்கே போய்ப் பார்க்க முடியாது. இந்த இரண்டும் எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கணவர் அந்தப் பகுதியைச் செய்வதை நிறுத்தினார். மணப்பாறையில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் நண்பர்கள் விடவே இல்லை. "அண்ணே, ஒரே ஒரு 'ஓம் ஐயா' அண்ணே!" அவர் மாட்டேன் என்றார். "பெரிய ஆளாயிட்டாருடா" என்று ஒருவன் சொல்ல, மைக்கை வாங்கிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அழைப்புகள் குறைந்தன. வேறு எது செய்தாலும் ஜனங்கள் அடுத்து அது வரும் என்று காத்திருந்தார்கள். வராதபோது எழுந்து சாப்பிடப் போனார்கள்.

"இனிமே அதைச் செய்ய மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்று என்னை அனுப்பினார். முகாமில் மாமனார் மிக்ஸியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"செய்யட்டும் பிள்ளை. அதுதானே அவன்ர சோறு. ஏன் விட்டவன்?"

"நீங்க கோவிச்சுக்கிட்டுப் போறீங்கன்னு நினைக்கிறார்."

"நான் கோவத்தில போகேல்ல."

"அப்ப போறதுக்குள்ள அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க மாமா. என்ன வேணா பேசுங்க. திட்டுங்க."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு சொன்னார்.

"வருதில்ல பிள்ளை. நான் வேணுமெண்டு இருக்கிறேல்ல. அவனைக் கண்டு வாயைத் திறந்தா, எனக்கே அது அவன் செய்யிற குரல் மாதிரிக் கேக்குது. நானே என்னைச் செய்யிற மாதிரி. அந்த மண்டபத்துக்குப் பிறகு அப்பிடித்தான்."

இதைக் கணவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க வழியில்லை. முதல் தடவையாக அவர், எப்படிச் சொன்னார் என்று கேட்கவில்லை.

விமானம் காலையில். முகாமிலிருந்து விமான நிலையம் நடக்கிற தூரம்தான். ஆனாலும் வேன் வைத்துக்கொண்டோம். புறப்பாட்டு வாசலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிங்கப்பூர், துபாய் போகிறவர்களும் அவர்களை அனுப்ப வந்த குடும்பங்களும் நின்றார்கள். மாமனார் வெள்ளைச் சட்டையில் இருந்தார். என் தலையில் கை வைத்தார். "பிள்ளை, போட்டு வாறன்." போய்விட்டு வருகிறேன் என்பது பழக்கத்தில் வந்த வார்த்தை.

கணவர் தள்ளுவண்டியின் கைப்பிடியை விடவில்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மைக் இல்லாமல், மேடை இல்லாமல், நான் அவர் வாயிலிருந்து வீட்டில் ஒரு நாளும் கேட்டிராத தமிழில் பேசினார்.

"அப்பா, போக முன்னம் என்னோட ஒருக்காக் கதையுங்கோ. நான் கேக்கிறன். வேற ஒண்டும் செய்யேல்ல. கேக்க மட்டும்தான் போறன்."

அதில் நடிப்பு இல்லை. துண்டு இல்லை, முதுகு வளையவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் அவர் பேசியிருக்கக்கூடிய தமிழ் அது. மாமனாரின் கண் மாறியது. அவர் வாய் திறந்தது, நான் பார்த்தேன்.

பக்கத்தில் யாரையோ வழியனுப்ப வந்த குடும்பத்தில் ஒரு பெண், "ஏய், அவர்தாண்டி! அப்பா வாய்ஸ் பண்றாரு பாரு!" என்றாள். சிரித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கினார். இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். "சார், இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை சார்!"

கணவர் திரும்பி, "வேணாங்க, தயவுசெஞ்சு எடுக்காதீங்க" என்றார், திருச்சித் தமிழில். அதற்கும் சிரித்தார்கள்.

மாமனார் போன்களைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மகனின் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்துவிட்டார். அந்தக் கையை ஒரு தடவை இறுகப் பிடித்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பாதுகாவலர் காகிதத்தை வாங்கிப் பார்த்து ஏதோ கேட்டார். மாமனார் பதில் சொல்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

கணவர் இப்போது உறையூரில் ஒரு மண்டபத்தில் மேலாளராக இருக்கிறார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் எப்போதாவது பழைய நண்பர்கள் கூப்பிட்டால் நிகழ்ச்சிக்குப் போவார். பறவைகளும் ரயில்களும் மட்டும் செய்கிறார். மாமனார் மன்னாரில் தங்கை வீட்டில் இருக்கிறார். அடிக்கடி என் போனுக்குக் கூப்பிட்டு நிறையப் பேசுகிறார். ஒவ்வொரு தடவையும் வைக்கும் முன், கணவர் அடுத்து வீட்டில் இல்லாத நாள் எது என்று கேட்டுக்கொள்கிறார்.